ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்



பேசத் தொடங்குமுன் ஒரு சிறு வேலை இருக்கிறது. இந்த மேசை மேல் ஒரு கண்ணாடிப் பாட்டில் வைத்திருக்கிறேன். அதற்குள் இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து போட்டிருக்கிறேன். பக்கத்தில் உள்ள பிளாஸ்க்கில் உப்பும் சர்க்கரையும் கரைத்த வினிகர் சூடாக இருக்கிறது. இதோ, அதை வெங்காயத்தின் மேல் ஊற்றுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்த நெடி சுருக்கென்று மூக்கில் ஏறியிருக்கும். நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மட்டும் ஊதாவாக ஒரு கோடு. மூடி போட்டுவிட்டேன். நான் பேசி முடிக்கும்வரை இதை யாரும் தொட வேண்டாம். அது தன் வேலையைப் பார்க்கட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

இன்று நான் பேச வந்திருப்பது, வீட்டு ஃப்ரிட்ஜில் வெங்காயத்தை ஊறப்போடுவது பற்றி. இதற்கு ஒரு சொற்பொழிவு தேவையா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தேவை என்று நான் நம்புகிறேன். ஏன் நம்புகிறேன் என்பதை ஒரு வகுப்பறையிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தமிழாசிரியையாக இருந்தவள். வினைத்தொகை நடத்தும் தமிழாசிரியர் யாராக இருந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: ஊறுகாய். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. ஒரே சொல்லுக்குள் நேற்று இருக்கிறது, இன்று இருக்கிறது, நாளையும் இருக்கிறது. ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், உங்க வீட்டுல ஊறுகாய் போடுவீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டு ஊறுகாய் மளிகைக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்று காலத்தையும் பிள்ளைகளுக்குக் கற்பித்த எனக்கு, என் சமையலறையில் ஒரு காலம்கூட மிஞ்சவில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ வெங்காயமும் ஒரு பாட்டில் வினிகரும் வாங்கினேன். அன்று தொடங்கியது இந்தப் பாடம். அந்தச் சொல்லின் மூன்று காலத்தையே வரிசையாக வைத்துக்கொண்டு இன்று பேசப் போகிறேன்.

முதலில், ஊறிய காய்.

நம் வீடுகளில் ஊறுகாய் போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில். மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, நறுக்கிய மாங்காய் காயும். காக்கை விரட்ட ஒரு குழந்தையை உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே அம்மா பீங்கான் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து, வெயிலில் காயவைத்து, உட்புறத்தைத் துணியால் துடைத்துக் கொண்டிருப்பார். ஈரக்கை உள்ளே போகக் கூடாது. கல் உப்பை அள்ளிப் போட்டு, காயைப் போட்டு, வாய்க்குத் துணி வைத்து வேடு கட்டி, இருட்டு மூலையில் வைத்துவிடுவார். நாளுக்கொரு முறை குலுக்குவார். அந்த ஜாடி அடுத்த சித்திரை வரைக்கும் பேசும்.

ஏன் அவ்வளவு உப்பு? ஏன் அவ்வளவு வெயில்? ஏன் ஈரத்தைக் கண்டால் அவ்வளவு பயம்? ஏனென்றால் அவர்களிடம் குளிர் இல்லை. கெடாமல் காக்க அவர்கள் கையில் இருந்தவை உப்பு, புளிப்பு, காரம், எண்ணெய், வெயில். குளிர் என்பது நம் ஊரில் விளையாத பொருள். சென்னைக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறோமே, அந்தக் கட்டடம் 1842-இல் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? ஐஸ் வைக்க! அமெரிக்காவின் வடகிழக்கில் உறைந்த ஏரிகளிலிருந்து வெட்டிய பனிக்கட்டி, ஃபிரெடரிக் டியூடர் என்ற வணிகரின் கப்பல்களில், மரத்தூள் போர்த்திக்கொண்டு, கடல் கடந்து இங்கே வந்து இறங்கியது. அதனால்தான் அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். கோடை தகிக்கும் ஊரில் குளிர் என்பது அன்றைக்குக் கப்பலில் வந்த சரக்கு. அது வந்ததும் வசதி படைத்தவர் கோப்பைக்குத்தான், நம் பாட்டிமார் அடுக்களைக்கு அல்ல.

இன்று அந்தக் குளிர் நம் சமையலறை மூலையில் நிற்கிறது. 1958-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே ஃப்ரிட்ஜ் செய்யத் தொடங்கியது. இன்று சிற்றூர் வீடுகளிலும் அது இருக்கிறது. ஆனால் அதற்குள் நாம் என்ன வைத்திருக்கிறோம்? இட்லி மாவு, பால் பாக்கெட், நேற்றைய குழம்பு, கடையில் வாங்கிய ஊறுகாய் பாட்டில். கதவின் ஓரத்தில், பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அரை வெங்காயம். அந்த அரை வெங்காயத்தை உங்களுக்குத் தெரியும். நேற்று சட்னிக்குப் பாதி போதும் என்று மீதியை வைத்தது. அது பாலுக்கும் தன் வாசனையைக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாள் குப்பைக்குப் போகும்.

ஜாடி போனது. ஜாடியோடு சேர்ந்து, எது எதைக் காக்கும் என்ற அறிவும் வீட்டை விட்டுப் போனது. குளிர் வந்தது. அந்தக் குளிரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்ற அறிவு வீட்டுக்குள் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாம் நிற்கிறோம். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன். மறுபடியும் தொடங்க ஆறு கிலோ மாங்காயும் மொட்டை மாடியும் வேண்டியதில்லை. ஒரு வெங்காயம் போதும். ஒரு பாட்டில் போதும். அரை மணி நேரம் போதும்.

ஆகவே, இரண்டாவதாக, ஊறுகின்ற காய்.

வெங்காயம் என்ற பெயரையே பாருங்கள். வெம்மை, காயம். காயம் என்றால் காரமுள்ள பொருள். பெருங்காயத்தில் இருப்பதும் அதே காயம். தொட்டால் சுடாத ஒரு பொருளுக்கு நம் முன்னோர் வெம்மை என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சூடு எங்கே இருக்கிறது? முழு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் கண்ணீர் வராது. அரிவாள்மனையில் வைத்து அரிந்ததும் கண் கரிக்கிறது. ஏன்? வெங்காயத்தின் ஒவ்வொரு சிறு அறையிலும் கந்தகச் சேர்மம் ஒருபக்கம், அதை உடைக்கும் நொதி இன்னொரு பக்கம் தனித்தனியே இருக்கின்றன. கத்தி சுவரை உடைக்கிறது. இரண்டும் சந்திக்கின்றன. அங்கே பிறக்கும் ஆவிதான் நம் கண்ணைத் தாக்குகிறது. அந்த ஆவியை உண்டாக்குவதற்கென்றே தனியாக இன்னொரு நொதி இருக்கிறது என்று 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதுவரை உலகம் முழுக்க வெங்காயம் அரிந்து அழுதவர்களுக்கு அந்தக் காரணம் முழுதாகத் தெரியாது!

இந்த நொதிகளுக்குப் புளிப்பு ஆகாது. வினிகர் பட்டதும் அவற்றின் வேகம் தளர்ந்துவிடும். அதனால்தான் பச்சையாகத் தின்றால் நாக்கை அறையும் வெங்காயம், வினிகரில் ஊறியதும் சாந்தமாகிவிடுகிறது. மொறுமொறுப்பு நிற்கிறது, கடுமை போகிறது. அடியில் மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது.

இப்போது செய்முறை. குறித்துக்கொள்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வெங்காயம் நடுத்தரமானது இரண்டு, ஏறத்தாழ 250 கிராம். நாம் பெல்லாரி என்கிறோம், இலங்கைத் தமிழர் பம்பாய் வெங்காயம் என்கிறார்கள். எந்தப் பெயரில் வாங்கினாலும், சிவந்த தோல் உள்ளதாக, கெட்டியாக, தலைப்பில் முளை விடாததாகப் பாருங்கள். தோலை உரித்து, வேர்ப்பக்கத்திலிருந்து தலைப்பு வரை இரண்டாகப் பிளந்து, அதே நீளவாக்கில் மெல்லியதாக அரியுங்கள். ஒரு நாணயத்தின் கனம் இருந்தால் போதும். குறுக்கே அரிந்தால் வளையம் அழகாக வரும், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். நீளவாக்கில் அரிந்தது நாலு நாள் கழித்தும் பல்லில் மொறுக்கென்று கடிபடும்.

வினிகர் 150 மில்லி. தண்ணீர் 75 மில்லி. உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. மிளகு ஏழெட்டு. நடுவில் கீறிய பச்சை மிளகாய் ஒன்று, விருப்பமிருந்தால். அவ்வளவுதான்.

வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரை நான்கையும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வையுங்கள். அலுமினியம் வேண்டாம், ஈயம் பூசாத பித்தளை வேண்டவே வேண்டாம். புளிப்பு உலோகத்தைத் தின்னும். பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும் என்று நம் பாட்டிகள் சொன்னது இதற்கும் பொருந்தும். உப்பும் சர்க்கரையும் கரைந்து, ஓரத்தில் சிறு குமிழி கட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் வினிகரின் புளிப்பும் ஆவியோடு போகும், உங்கள் கண்ணும் எரியும்.

கண்ணாடிப் பாட்டிலை வெந்நீர் ஊற்றி அலசி, கவிழ்த்து ஈரம் வடியவிடுங்கள். அந்த வெதுவெதுப்பில் இருக்கும்போதே வெங்காயத்தை உள்ளே போட்டு, சூடான வினிகரை ஊற்றுங்கள். குளிர்ந்த பாட்டிலில் சூடாக ஊற்றினால் பாட்டில் விரிசல் விடும். கரண்டிக் காம்பால் வெங்காயத்தை அமுக்கி, எல்லாத் துண்டும் வினிகருக்குள் மூழ்கும்படி செய்யுங்கள். மூடி போட்டு, சூடு ஆறும்வரை வெளியில் இருக்கட்டும். அரை மணி, முக்கால் மணி. பிறகு ஃப்ரிட்ஜுக்குள். அன்றைக்கே சாப்பிடலாம். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

செய்முறை இவ்வளவுதான், அதை யாரும் சொல்லிவிடலாம். நான் சொல்ல வந்தது, ஒவ்வொன்றும் ஏன் என்பதை. ஏன் என்று தெரிந்துகொண்டவருக்குத் தாள் பார்த்துச் சமைக்க வேண்டியதில்லை.

ஏன் வினிகர்? இது நமக்கு அந்நியமான பொருள் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் மொழியில் காடி என்ற சொல் இருக்கிறது. புளித்த கஞ்சிக்கும் அதுதான் பெயர், வினிகருக்கும் அதுதான் பெயர். போர்த்துக்கீசியரின் வினாக்ரே இலங்கைத் தமிழில் வினாகிரி ஆகிவிட்டது. அங்கே தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கும் வினாகிரியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அரைத்த கடுகு எல்லாம் சேர்த்து அச்சாறு போடுகிறார்கள். கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நம் நாட்டு உணவு விதிப்படி வினிகரில் அசெட்டிக் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தது என்றால், செயற்கை வினிகர் என்று லேபிளில் சொல்ல வேண்டும். புளிக்கவைத்து எடுத்ததென்றால் மணம் மென்மையாக இருக்கும். இந்த அமில அளவுதான் நம் காவல். அதனால்தான் வினிகர் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்கிறேன். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் தண்ணீரைக் கூட்டாதீர்கள், சர்க்கரையைக் கூட்டுங்கள்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை பிழியலாமா? பிழியலாம். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் சிவப்பு வெங்காயத்தை ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி வேகவைக்கும் கொச்சினீட்டா பிபில் என்ற இறைச்சியோடு பரிமாறுகிறார்கள். நார்த்தங்காயை உப்பில் போடும் நமக்கு அந்த ருசி தூரத்து உறவுக்காரர் போல. ஆனால் ஒவ்வொரு பழத்துக்கும் புளிப்பு மாறும். பழச்சாற்றில் போட்டால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஏன் உப்பு? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ருசிக்கு மட்டும் சொன்னதல்ல. அரிந்த வெங்காயத்தில் உப்பைத் தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். வெங்காயத்தில் ஏறத்தாழ 89 சதவீதம் தண்ணீர்தான். உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கிறது. அந்த இடத்தில் புளிப்பும் இனிப்பும் உள்ளே போய்க் குடியேறுகின்றன. ஊறுதல் என்ற சொல்லின் உள்நடப்பு இதுதான். வெளியே போவதும் உள்ளே வருவதும்.

ஏன் நிறம் மாறுகிறது? சங்குப்பூ போட்ட நீலத் தேநீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிறது அல்லவா? ஆந்தோசயனின் என்ற அதே நிறமிக் குடும்பம்தான் வெங்காயத்தின் ஊதாவிலும் இருக்கிறது. புளிப்பு பட்டதும் அது சிவக்கிறது. தோலோரத்தில் ஒதுங்கியிருந்த நிறம் வினிகரில் கரைந்து, வெள்ளையாக இருந்த துண்டுகளுக்கும் பரவுகிறது. சாயம் ஒரு துளிகூட வேண்டாம். வினிகரில் பூண்டு போட்டவர்கள் சில நேரம் அது நீலமாகவோ பச்சையாகவோ மாறியதைப் பார்த்துப் பயந்து கொட்டியிருப்பார்கள். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் செய்யும் வேலை அது.

அன்பர்களே, இனிமேல்தான் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மூன்றாவதாக, ஊறும் காய். நாளை என்ன ஆகும்?

இந்த ஊறுகாய் ஓராண்டு நிற்காது. இதை ஆழமாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாடி ஊறுகாய் வேறு, இது வேறு. அங்கே உப்பும் எண்ணெயும் வெயிலும் காவல். இங்கே புளிப்பு, உப்பு, குளிர் என்று மூன்று காவலர்கள். மூவரும் சேர்ந்து நின்றால்தான் காவல். ஒருவரை அனுப்பிவிட்டு மற்ற இருவரை நம்பக் கூடாது. இந்த பாட்டிலைச் சமையல் மேடையில் வைத்து ஒரு வாரம் சாப்பிடலாமா? கூடாது. ஃப்ரிட்ஜில் 4 டிகிரி அளவில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

காவலர் யாருமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1983-இல் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் உணவகத்தில் வெங்காயத்தை மார்ஜரினில் வதக்கி, அப்படியே வெதுவெதுப்பில் வைத்திருந்தார்கள். மேலே கொழுப்பு மூடியிருந்ததால் உள்ளே காற்று இல்லை. புளிப்பும் இல்லை, குளிரும் இல்லை. மண்ணிலிருந்து வெங்காயத்தோடு வந்த ஒரு நுண்ணுயிர் அங்கே பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கியது. 28 பேர் பாதிக்கப்பட்டார்கள். அத்தனை எளிய பொருள், வதக்கிய வெங்காயம்! அந்த நுண்ணுயிர் புளிப்பு மிகுந்த இடத்தில் வளராது. அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் 4.6-க்குக் கீழே அதற்கு வாழ்வில்லை. வினிகர் அளவைக் குறைக்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது ருசிக்காக மட்டும் அல்ல.

என் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். முதல் பாட்டில் தீர்ந்தது. அடியில் அழகான சிவப்பு நிறத்தில் வினிகர் மிச்சம். இதை வீணாக்குவானேன் என்று புதிதாக இரண்டு வெங்காயம் அரிந்து அதிலேயே போட்டேன். அதுவும் தீர்ந்ததும் மூன்றாம் முறையும் போட்டேன். ஆறாம் நாள் மூடியைத் திறந்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. வெங்காயத்தை விரலில் எடுத்தால் வழுக்கியது. பழைய துணி ஊறிய வாடை. என்ன பிழை என்று யோசித்தேன். ஒவ்வொரு முறையும் வெங்காயம் தன் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தது. வினிகர் ஒவ்வொரு முறையும் நீர்த்துக்கொண்டே போனது. நிறத்தைப் பார்த்து ஏமாந்தேன். சிவப்பு இருந்தது, காவல் இல்லை. முழுவதையும் கொட்டினேன். அன்றிலிருந்து ஒருமுறை ஊற்றிய வினிகரில் ஒரே முறைதான் வெங்காயம். மிஞ்சும் நீரை வெள்ளரிக்காய் சாலட்டில் இரண்டு கரண்டி விடுவேன், கோழியை ஊறவைக்கச் சேர்ப்பேன். மறு ஈட்டுக்குப் போடமாட்டேன்.

ஆகவே சில கட்டுப்பாடுகள். எடுக்கும் கரண்டி காய்ந்திருக்க வேண்டும். எச்சில் கை கூடாது, ஈரக்கை கூடாது. இந்த இடத்தில் பாட்டியின் ஜாடி விதியும் ஃப்ரிட்ஜ் விதியும் ஒன்றுதான். காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி என்றார்கள் பெரியவர்கள். எடுத்ததும் மூடுங்கள். போட்ட தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாட்டிலின் மேல் ஒட்டுங்கள். நீர் கலங்கினாலும், வழுக்கினாலும், மேலே பூஞ்சை பூத்தாலும் ருசி பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

சரி, போட்டாயிற்று. எதற்குத் தொட்டுக்கொள்வது? நான் கேட்கிறேன், எதற்கு வேண்டாம்? தயிர்ச்சோற்றுக்கு வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சோற்றின் மேல் அந்த இளஞ்சிவப்பைப் பார்த்தாலே சாப்பிடாத பிள்ளையும் கை நீட்டும். பிரியாணிக்கு, பரோட்டாவுக்கு, வேகவைத்த முட்டைக்கு, சுண்டலுக்கு, சப்பாத்திக்குள் சுற்றுவதற்கு. பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயம் கடித்துப் பழகியவர்கள், பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தையே உரித்து இரண்டாகக் கீறி இப்படிப் போடுங்கள். அது ஊற ஒருநாள், இரண்டு நாள் ஆகும். காத்திருந்ததற்குப் பலன் உண்டு.

இன்னொன்றும் நினைவிருக்கிறதா? 2019. வெங்காய விலை ஏறிக்கொண்டே போய், செப்டம்பர் இறுதியில் மத்திய அரசு ஏற்றுமதிக்கே தடை போட்டது. டிசம்பரில் பல நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த மாதங்களில் நம் வீடுகளில் வெங்காயத்தை எண்ணி எண்ணிப் போட்டோம். அப்போது அந்த அரை வெங்காயத்தை எறிய யாருக்காவது மனம் வந்ததா? விலை இறங்கியதும் மறுபடியும் எறிகிறோம். வயலில் குனிந்து களை எடுத்தவருக்கும், தாள் அரிந்து மூட்டை கட்டியவருக்கும் விலை ஏறினாலும் இறங்கினாலும் உழைப்பு ஒன்றுதான். அரை வெங்காயத்துக்கு ஒரு சிறிய பாட்டிலும், மேலே சொன்ன அளவில் கால் பங்கும் போதும். குப்பைக்குப் போக இருந்தது நாளைக் காலை தட்டுக்கு வரும்.

அன்பர்களே, கடையில் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அதுவும் சமையல் முழுவதும் அவள் தலையிலேயே விழும் வீட்டில், ஆறு கிலோ மாங்காயைக் காயவை என்று சொல்வது கொடுமை. அந்தச் சுமையை மறுபடி ஏற்றுவதற்கு நான் இங்கே வரவில்லை. அதனால்தான் வெங்காயத்தைத் தேர்ந்தேன். இதை வீட்டு ஆண்கள் செய்யலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பத்து வயதுப் பிள்ளை செய்யலாம். அளந்து ஊற்றக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, ஏன் என்று கேட்கவும் கற்றுக்கொள்ளும். புளிப்பு எதைக் காக்கிறது, உப்பு எதை இழுக்கிறது, குளிர் எதை நிறுத்துகிறது என்று ஒரு வெங்காயத்தில் தெரிந்துகொண்ட கை, நாளை கேரட்டைப் போடும், முள்ளங்கியைப் போடும். ஒரு சித்திரையில் துணிந்து மாங்காயையும் போடும்.

இனி, அந்த பாட்டிலுக்கு வருவோம்.

நான் இதை மூடி எவ்வளவு நேரம் ஆயிற்று? அரை மணி ஆகியிருக்கும். இதோ, விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறேன். பின்வரிசைக்குத் தெரிகிறதா? வெள்ளை எங்கே? ஓரத்தில் ஒதுங்கியிருந்த ஊதாக் கோடு எங்கே? துண்டு துண்டாகத் தேடினாலும் இப்போது எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. நாம் இலக்கணமும் கப்பலும் நொதியும் பேசிக்கொண்டிருந்தோம். இது ஒரு சொல் பேசாமல் ஊறிக்கொண்டிருந்தது.

அன்று வகுப்பில் எழுந்து கேட்ட அந்த மாணவிக்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன். இன்று அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. இந்த உரை அச்சாகி அவள் கண்ணில் பட்டால், இதுவே என் பதில்: போடுகிறேன் அம்மா.

மேசை ஓரத்தில் சிறு கிண்ணங்களும், சுத்தமான காய்ந்த கரண்டியும், கொஞ்சம் தயிர்ச்சோறும் வைத்திருக்கிறேன். எல்லோரும் வாருங்கள், ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர் அடுத்தவருக்காக மூடியைப் போட்டுவிட்டு நகருங்கள்.